திரை மங்கினால் கம்ப்யூட்டரைக் கழித்துக் கட்டுவதா?

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதையைக் கேட்டு நாம் சிரித்திருக்கிறோம். அதே கதை இன்று பெங்களூரில் பல சிறு கம்பெனிகளிலும், கடைகளிலும், நம்மவர் வீடுகளிலும் வேறு வடிவத்தில் நடந்து கொண்டிருக்கிறது. மேஜை மீதிருக்கும் பழைய கம்ப்யூட்டரில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது. அல்லது வட்டம் முட்டையாகவும், மனித முகம் பூசணிக்காயாகவும் இழுபட்டுத் தெரிகிறது. உடனே, "பழசாகிவிட்டது, இனி உதவாது, புதிதாக வாங்குங்கள்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். வசதியுள்ள முதலாளி பல ஆயிரம் ரூபாயை எடுத்து வைக்கிறார். வசதியில்லாதவர், "இருப்பதை வைத்துச் சமாளியப்பா" என்கிறார். சமாளிக்க வேண்டியவர் குமாஸ்தா.

இரண்டும் தவறு என்பதே நம் கருத்து. எழுத்து மங்குவது பெரும்பாலும் கம்ப்யூட்டரின் மூப்பினால் வரும் கோளாறு அல்ல. கம்ப்யூட்டரும் மானிட்டரும் ஒன்றையொன்று சரியாக அடையாளம் கண்டுகொள்ளாததால் வருவது. இதைச் சீர்செய்யப் பல சமயங்களில் ஒரு காசும் செலவில்லை. சில சமயங்களில் ஒரு கேபிளின் விலைதான். எனவே இந்தச் சிறு வித்தையை மெக்கானிக்கிடம் விட்டுவிடாமல், நாள் முழுவதும் அந்தத் திரையைப் பார்த்துப் பிழைக்கிறவரே கற்று வைத்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கு நஷ்டம்?

பீனியாவில் ஒரு சிறிய பட்டறையில் கணக்கு எழுதுபவரை எடுத்துக் கொள்வோம். அல்லது கலாசிபாளையத்தில் லாரி புக்கிங் ஆபீசில் பில் போடுபவரையோ, சிக்பேட்டையில் ஜவுளிக் கடையில் சரக்கு வரவு பதிபவரையோ நினைத்துக் கொள்ளுங்கள். இவர்களுடைய நாளே எண்களோடுதான் கழிகிறது. ஜி.எஸ்.டி. எண் என்பது 15 எழுத்துக்களும் இலக்கங்களும் சேர்ந்த ஒரு கோவை. மங்கலான திரையில் 8 என்ற இலக்கம் பி என்ற ஆங்கில எழுத்தாகத் தெரியும். பூஜ்யம் ஓ ஆகத் தெரியும். 3, 5, 6 எல்லாம் ஒரே ஜாடையில் இருக்கும். ஒரு இலக்கம் தவறினால் பில் திரும்பி வரும். அப்போது திரையை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். "கவனமில்லாமல் வேலை பார்க்கிறார்" என்று குமாஸ்தாவைத்தான் சொல்வார்கள்.

மாலையில் தலைவலியோடும் கண் எரிச்சலோடும் பஸ் ஏறுகிறவர், தமக்கு வயதாகிவிட்டது என்று எண்ணிக் கொள்கிறார். கண்ணாடியை மாற்றுகிறார். ஆனால் மாற்ற வேண்டியது திரையிலுள்ள ஓர் அமைப்பாக இருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

கோலமும் புள்ளியும்

ரெசல்யூஷன் என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. திரையில் குறுக்காக எத்தனை புள்ளி, நெடுக்காக எத்தனை புள்ளி என்ற கணக்குதான் அது. முன்பு இருந்த பெட்டி போன்ற கண்ணாடிக் குழாய் மானிட்டரில் நிலையான புள்ளிக் கணக்கு கிடையாது. எதைக் கொடுத்தாலும் ஓரளவு ஏற்றுக் கொள்ளும். இப்போதுள்ள தட்டை மானிட்டர் அப்படியல்ல. தொழிற்சாலையில் செய்யும்போதே அதன் புள்ளிகள் எண்ணி வைக்கப்பட்டு விட்டன. 1280-க்கு 1024, 1366-க்கு 768, 1600-க்கு 900, 1920-க்கு 1080 என்று ஒவ்வொரு மானிட்டருக்கும் பிறவியிலேயே ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கைக் கொடுத்தால்தான் எழுத்து கூர்மையாகத் தெரியும்.

நம் வீட்டுப் பெண்கள் வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். தரையில் ஒரு வரிசைக்கு 15 புள்ளி வைத்துவிட்டு, 8 புள்ளிக் கோலத்தை அதே அகலத்துக்கு இழுத்துப் போடச் சொன்னால் எப்படி இருக்கும்? எந்தக் கோடும் புள்ளியில் சரியாக உட்காராது. 1920 புள்ளியுள்ள மானிட்டரில் 1024 என்று வைத்து ஓட்டினால் நடப்பது அதுவேதான்; 1024-க்கும் 1920-க்கும் உள்ள விகிதம் சரியாக 8-க்கு 15. ஒரு புள்ளியை ஏறக்குறைய இரண்டு புள்ளிகளின் இடத்தில் பரப்பி மானிட்டர் எப்படியோ சரிக்கட்டுகிறது. நெடுக்கிலோ அது ஒன்றரைக்கும் குறைவாகவே இழுக்கிறது. எழுத்து மங்குவதும், முகம் அகலமாவதும் இதனால்தான். கம்ப்யூட்டரின் வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முதல் சோதனை

கோளாறு மானிட்டரிலா, கம்ப்யூட்டரிலா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. மானிட்டரின் அடியிலோ பக்கத்திலோ உள்ள மெனு பொத்தானை அழுத்துங்கள். வெளிச்சம், நிறம் முதலியவற்றை மாற்றும் ஒரு சிறு பெட்டி திரையில் வரும். அந்தப் பெட்டியை வரைவது கம்ப்யூட்டர் அல்ல, மானிட்டரே. அதிலுள்ள எழுத்து கூர்மையாக இருந்து, மற்ற எழுத்து மட்டும் மங்கலாக இருந்தால் மானிட்டர் நன்றாக இருக்கிறது. கம்ப்யூட்டர் அனுப்பும் கணக்குதான் தவறு. திரையே இருண்டோ, கோடு விழுந்தோ இருந்தால் மானிட்டரில் பழுது இருக்கலாம். அப்போதும் மாற்ற வேண்டியது மானிட்டரை மட்டுமே, பெட்டியை அல்ல. இந்த ஒரு சோதனையைத் தெரிந்து வைத்திருப்பவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

அடுத்து, கம்ப்யூட்டரில் திரையின் வெற்றிடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். விண்டோஸ் 7-ல் "ஸ்கிரீன் ரெசல்யூஷன்" என்றும், விண்டோஸ் 10, 11-ல் "டிஸ்ப்ளே செட்டிங்ஸ்" என்றும் இருக்கும். அதனுள்ளே ரெசல்யூஷன் பட்டியலில் எந்தக் கணக்குக்கு அருகே "ரெக்கமண்டட்" என்று போட்டிருக்கிறதோ, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது மானிட்டரின் பிறவிக் கணக்கோடு ஒத்திருக்கிறதா என்று பின்புறச் சீட்டிலுள்ள மாடல் எண்ணைக் கொண்டு சரிபார்த்துக் கொள்ளலாம். 1366 புள்ளி மானிட்டருக்குச் சில பழைய கம்ப்யூட்டர்கள் 1360 என்றுதான் காட்டும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். வித்தியாசம் மிகக் குறைவு.

தவறான கணக்கைத் தொட்டுவிட்டால் திரை இருண்டு போகும். "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று மானிட்டர் சொல்லும். பயப்பட வேண்டாம். எதையும் தொடாமல் 15 விநாடி காத்திருந்தால் கம்ப்யூட்டர் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கெட்டுவிடுமோ என்ற பயத்தினாலேயே நம்மவர் பலர் இந்தப் பக்கம் போவதில்லை. இந்த 15 விநாடி ஏற்பாடு அவர்களுக்காகவே செய்யப்பட்டது.

பெரிய எழுத்துக்காகச் செய்யும் தவறு

நாற்பதைத் தாண்டிய குமாஸ்தாக்கள் பலர், எழுத்து சிறிதாக இருக்கிறதே என்று ரெசல்யூஷனைக் குறைத்துக் கொள்கிறார்கள். எழுத்து பெரிதாகத்தான் ஆகிறது. ஆனால் கூர்மை போய்விடுகிறது. ஜன்னலைத் துடைப்பதற்குப் பதிலாக ஜன்னலுக்கு அருகே போய் நிற்பது போன்றது இது.

சரியான வழி வேறு. ரெசல்யூஷனைப் பிறவிக் கணக்கில் வைத்துவிட்டு, அதே பக்கத்திலுள்ள "ஸ்கேல்" என்ற அமைப்பை 100 சதவீதத்திலிருந்து 125 ஆகவோ 150 ஆகவோ உயர்த்த வேண்டும். அப்போது எழுத்து பெரிதாகவும் இருக்கும்; விளிம்பும் கூர்மையாக இருக்கும். சில பழைய புரோகிராம்கள் இதற்குச் சரியாக ஒத்துழைக்காமல் போவதுண்டு. அவற்றில் எழுத்தின் அளவை அந்தந்தப் புரோகிராமிலேயே மாற்ற வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆபீசில் வயதில் பெரியவர் ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை செய்வதைப் பார்க்கும் இளைஞர்கள், இந்த உதவியை அவருக்குக் கேட்காமலே செய்து கொடுக்கலாம்.

டிரைவர் இல்லாத வண்டி

பட்டியலைத் திறந்தால் 800-க்கு 600, 1024-க்கு 768 தவிர வேறு கணக்கே இல்லை என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி போட்ட பிறகுதான் பெரும்பாலும் இந்தத் தொல்லை வருகிறது. காரணம், படம் காட்டும் பகுதிக்குரிய டிரைவர் என்ற புரோகிராமைப் போடாமல் மெக்கானிக் போய்விட்டார்.

டிரைவர் என்றால் லாரி ஓட்டுகிறவரைத்தான் நமக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான். இயந்திரம் இருக்கிறது, ஓட்டத் தெரிந்தவர் இல்லை. எனவே யார் வேண்டுமானாலும் தள்ளக்கூடிய அளவுக்கு வண்டி நகர்கிறது. "டிவைஸ் மேனேஜர்" என்ற இடத்தில் "டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்" என்பதைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் 10-ல் "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்றோ, விண்டோஸ் 7-ல் "ஸ்டாண்டர்டு வி.ஜி.ஏ. கிராபிக்ஸ் அடாப்டர்" என்றோ இருந்தால் உண்மையான டிரைவர் இல்லை என்று அர்த்தம். இன்டெல், ஏ.எம்.டி., என்விடியா என்ற பெயர்களில் ஒன்று அங்கே இருக்க வேண்டும்.

டெல், எச்.பி., லெனோவோ போன்ற கம்பெனிகளின் பெட்டிகளுக்கு, பெட்டி மீதுள்ள சீரியல் எண்ணை அந்தந்தக் கம்பெனியின் இணையதளத்தில் கொடுத்தால் உரிய டிரைவர் இலவசமாகவே கிடைக்கும். தனித்தனியாகப் பாகம் வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டருக்கு மதர்போர்டின் பெயரைப் பார்த்துத் தேட வேண்டும். எல்லா டிரைவரையும் நொடியில் சரிசெய்வதாகச் சொல்லிப் பணம் கேட்கும் புரோகிராம்களை நம்பிவிடக் கூடாது. இலவசமாகக் கிடைப்பதற்கு விலை வைக்கிறவர் அதோடு வேறு எதை உள்ளே நுழைப்பார் என்று சொல்ல முடியாது.

ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மிகப் பழைய போர்டுகளுக்குப் புதிய விண்டோஸுக்கான டிரைவரைத் தயாரித்த கம்பெனியே வெளியிடவில்லை. ஜி-31, ஜி-41 சிப் கொண்ட போர்டுகள் நம் நாட்டில் ஏராளமாக விற்றன. அவற்றின் படப் பகுதிக்கு இன்டெல் கொடுத்த டிரைவர் விண்டோஸ் 7 வரைதான். அத்தகைய பெட்டியில் விண்டோஸ் 10-ஐத் திணித்துவிட்டுத் திரை சரியில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

கேபிளையும் பாருங்கள்

டிரைவரும் சரியாக இருந்து திரை சரியாக இல்லையென்றால் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நீல நிற முனையுள்ள வி.ஜி.ஏ. கேபிளில் மூன்று வரிசையில் 15 ஊசிகளுக்கு இடம் உண்டு. மூன்றாவது வரிசையிலுள்ள 12-வது, 15-வது ஊசிகள்தான் "நான் இன்ன மானிட்டர், என் புள்ளிக் கணக்கு இவ்வளவு" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்பவை. அந்த ஊசி உடைந்தாலோ வளைந்தாலோ, மலிவுக் கேபிளில் அந்தக் கம்பியே இல்லாவிட்டாலோ, படம் வரும், அடையாளம் தெரியாது. கம்ப்யூட்டர் ஏதோ ஒரு குறைந்த கணக்கை அனுப்பும். நடு வரிசையில் 9-வது ஊசி மட்டும் இல்லாமலிருப்பது பல கேபிள்களில் வழக்கம். அதைக் கண்டு கலங்க வேண்டாம். இரவல் வாங்கிய நல்ல கேபிளை மாட்டிப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

படம் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றாலோ நடுங்கினாலோ, மானிட்டரிலுள்ள "ஆட்டோ" பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பல சமயம் சரியாகிவிடும். கிராபிக்ஸ் கார்டு தனியாகப் போட்ட பெட்டியில் கேபிளை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். மேலேயுள்ள போர்டின் துளையில் அல்ல. டி.வி.யை மானிட்டராக வைத்திருக்கும் வீடுகளில் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டுத் தெரிந்தால், டி.வி.யின் மெனுவில் படத்தின் அளவை "ஸ்கிரீன் ஃபிட்" அல்லது "ஜஸ்ட் ஸ்கேன்" என்று மாற்ற வேண்டும். எல்லாம் பொத்தான் வேலைதான்.

எஸ்.பி. ரோட்டில் வாங்கும்போது

பிள்ளைகளின் படிப்புக்காக எஸ்.பி. ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் வாங்கும் தொழிலாளர் குடும்பங்கள் நம்மில் நிறைய உண்டு. கூலியில் மிச்சம் பிடித்த பணம் அது. அவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். கடையிலேயே மானிட்டரை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மானிட்டரின் முழுக் கணக்குக்கு ரெசல்யூஷனை வைக்கச் சொல்லுங்கள். டிவைஸ் மேனேஜரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டு ஓடுவதைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். எழுத்தைப் பாருங்கள், மங்கல் அதில்தான் தெரியும்.

பெட்டியில் வி.ஜி.ஏ. துளை மட்டும், மானிட்டரில் எச்.டி.எம்.ஐ. துளை மட்டும் இருந்தால் நடுவில் ஒரு மாற்றுக் கருவி வேண்டும். வி.ஜி.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது வேறு, எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு மாற்றுவது வேறு. ஒன்றைத் திருப்பி மாட்டி மற்றொன்றாகப் பயன்படுத்த முடியாது. இதைத் தெரியாமல் வாங்கிவந்து, மறுநாள் மாற்றித் தரச் சொல்லிக் கடைவாசலில் நிற்பதற்கு அரை நாள் கூலி போகும்.

"பழசை வைத்துக் கொள்ளலாமா?"

இதைப் படிக்கும் சிலர், "2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டதே, பழைய பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுவதில் என்ன பயன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காத கம்ப்யூட்டரில் பேங்க் வேலையும் வரி வேலையும் செய்வது அபாயம் என்பதை நாம் மறுக்கவில்லை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் விதித்த தகுதி, இன்டெல் பெட்டிகளில் 8-வது தலைமுறைக்கு முற்பட்டவற்றுக்குப் பெரும்பாலும் கிடையாது என்பதும் உண்மை.

ஆனால் அது வேறு வழக்கு, திரை மங்குவது வேறு வழக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் புதிது விற்கிறார்கள். பாதுகாப்புக்காக மாற்றுகிறோம் என்றால், யோசித்து, விலை விசாரித்து, பழைய மானிட்டரை வைத்துக் கொண்டு பெட்டியை மட்டும் மாற்றலாம். பிள்ளைகள் படிக்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் என்ற இலவச ஏற்பாடு இருக்கிறது. பழைய இன்டெல் போர்டுகளின் படப் பகுதிக்கு வேண்டிய டிரைவர் பொதுவாக அதனுள்ளேயே அடங்கியிருப்பதால், விண்டோஸில் மங்கிய திரை அதில் தானாகவே தெளிவதுண்டு. விண்டோஸை நம்பிய கணக்கு புரோகிராம்களுக்கு மட்டும் அது முழு மாற்று ஆகாது.

கழித்துக் கட்டும் பெட்டி எங்கே போகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். போர்டில் ஈயம் உண்டு. பழைய தட்டை மானிட்டர் பலவற்றின் விளக்கில் பாதரசம் உண்டு. 2023 ஏப்ரல் முதல் நாட்டில் புதிய மின்னணுக் கழிவு விதிகள் அமலில் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடமே இவை போக வேண்டும். இருந்தும் இதை உடைத்துக் கம்பியைக் கொளுத்திச் செம்பு எடுக்கும் வேலை ஏழைக் கைகளுக்குத்தான் போய்ச் சேருகிறது. நல்ல நிலையிலுள்ள ஒரு பெட்டியை ஒரு கேபிளுக்காக அங்கே அனுப்புவது பாவம்.

செய்ய வேண்டியது

முதலாளிமார்களுக்கு ஒன்று சொல்வோம். நாற்காலியும் மின்விசிறியும் போல, தெளிவான திரையும் வேலைக்கு வேண்டிய கருவிதான். குமாஸ்தா கேட்டுப் பெறும் சலுகை அல்ல. மாதம் ஒருமுறை மெக்கானிக் வரும்போது, "எழுத்து கூர்மையாக இருக்கிறதா?" என்று அந்த இடத்தில் உட்காருபவரைக் கேட்டுவிட்டுக் கூலி கொடுங்கள்.

மெக்கானிக் தோழர்களில் நம்மவர்களும் பலர் உண்டு. ஃபார்மட் செய்தால் டிரைவரைப் போட்டு, ரெசல்யூஷனைச் சரியாக வைத்துவிட்டு எழுந்திருங்கள். செய்ததை அங்குள்ளவருக்குக் காட்டிக் கொடுங்கள். அதனால் உங்கள் பிழைப்பு கெடாது. நம்பிக்கை வளரும், அடுத்த வேலைக்கும் உங்களையே கூப்பிடுவார்கள்.

நம் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம், நல்லதுதான். ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பழைய கம்ப்யூட்டரை மேடையில் வைத்து, இந்தச் சங்கதிகளைத் தமிழில் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். கம்ப்யூட்டர் பேசுவது ஆங்கிலம். மெக்கானிக் பேசுவது கன்னடமோ இந்தியோ. நடுவில் விழிப்பவர் ஊரை விட்டு வந்து பிழைக்கும் நம் குமாஸ்தாவும் தொழிலாளியும். தாய்மொழியில் ஒருமுறை கேட்டால் போதும், பிறகு எந்த மொழியிலும் அவர் தைரியமாகக் கேள்வி கேட்பார்.

வாசகர்கள் இன்று ஆபீசுக்குப் போனதும் வேறொன்றும் செய்ய வேண்டாம். மானிட்டரின் மெனு பொத்தானை ஒருமுறை அழுத்தி, அந்த எழுத்தையும் மற்ற எழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால், உங்கள் கண்ணுக்கு இத்தனை நாள் கிடைக்காத தெளிவு அந்தக் கம்ப்யூட்டரிலேயே காத்திருக்கிறது என்று அர்த்தம். கேட்டுப் பெறுங்கள், முடிந்தால் நீங்களே எடுத்துக் கொள்ளுங்கள்.